மகளை விட்டுவந்த ஊர்

சென்னைக்குப் போகப்போகிறோம் என்று சொன்னபோது எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் அதை வெளிநாடு என்று எண்ணவில்லை. கனடாவுக்கோ லண்டனுக்கோ போகிறவர்களைக் கட்டிப்பிடித்து அழுது அனுப்புகிறவர்கள், எங்களைப் பக்கத்து ஊர்க் கலியாணத்துக்கு அனுப்புவதுபோல அனுப்பினார்கள். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்: "அங்கை எல்லாரும் தமிழ்தானே கதைக்கினம். உனக்கென்ன பயம்?"

எனக்கும் பயம் இருக்கவில்லை. நாடு பணமில்லாமல் தடுமாறிய நாட்களில் என் கணவர் வேலை செய்த கணினி நிறுவனம் கொழும்பு அலுவலகத்தைச் சுருக்கியது. சிலரை வீட்டுக்கு அனுப்பியது, சிலரைச் சென்னைக்கு மாற்றியது. எங்களுக்குச் சென்னை கிடைத்தது. வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த நான் அந்த வேலையை விட்டேன். கலியாணம் முடிந்து பல வருடங்களாகியும் பிள்ளை இல்லை. ஊர் மாறினால் ஏதாவது மாறும் என்று மனத்தின் ஒரு மூலையில் நினைத்திருக்கவும் கூடும்.

விமான நிலையத்தில் இறங்கியதும் சுற்றிலும் தமிழ் கேட்டது. பலகைகளில் தமிழ், துப்புரவு செய்கிற பெண்கள் பேசிக்கொண்டது தமிழ். அந்தச் சந்தோஷத்தில் எந்த வரிசை என்று பார்க்காமல் முன்னால் தெரிந்த வரிசையில் போய் நின்றுவிட்டோம். எங்கள் முறை வந்தபோது அதிகாரி கடவுச்சீட்டின் அட்டையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஃபாரினர்ஸ் லைன் அந்தப் பக்கம்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தமிழில்தான் சொன்னார்.

வீடு தேடும்போது அது இன்னும் விளங்கியது. முதல் சில வாரங்கள் தி.நகரில் நிறுவனம் எடுத்துக் கொடுத்த விடுதி அறையில் இருந்தோம். வீட்டுத் தரகர் எங்கள் முன்னாலேயே வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு "சார், ஃபாரின் பார்ட்டி" என்பார். அவர்களும் ஆவலாக வரச் சொல்வார்கள். கதவைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் வேறு யாரும் படியேறி வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். மயிலாப்பூரில் ஓய்வு பெற்ற ஒருவர் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். ஊரைச் சொன்னதும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சிலோனா? உங்களைப் பார்த்தா நல்ல மாதிரியாத்தான் இருக்கேள். ஆனா போலீஸ் அது இதுன்னு கேட்டுண்டு வருவா. எங்காத்துல ஒத்துக்க மாட்டா. தப்பா எடுத்துக்காதீங்கோ."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுக் காப்பியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தோம். வெளியே வந்ததும் என் கணவர் சிரித்தார். "காப்பி நல்லாய் இருந்தது, என்ன?" என்றார்.

கடைசியில் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு முதல் மாடி கிடைத்தது. வீட்டுக்காரர் தி.நகரில் பைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். நாங்கள் வாய் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "எங்க வாப்பா கொழும்புல கடை வெச்சிருந்தவரு. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது அவரு இப்பிடித்தான் பேசிக்கிட்டு வருவாரு" என்றார். வெளிநாட்டவருக்கு வீடு கொடுத்தால் செய்யவேண்டிய பதிவுகளை அவரே செய்துவிட்டார். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை வாடகைக்கு வருவார். வாசலில் நின்றபடி, "கொஞ்சம் பேசும்மா, கேட்டுட்டுப் போறேன்" என்று என்னைப் பேசவைத்துவிட்டுப் போவார்.

அவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் நான் மலையாளி. சந்தையில் "மரக்கறி என்ன விலை?" என்று கேட்டால் "கேரளாவா?" என்பார்கள். மளிகைக் கடையில் சவர்க்காரம் கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய்ச் சர்க்கரையை எடுத்துவந்தார். கடைசியில் கண்ணாடிக்குள் இருந்த சோப்புக்கட்டியை விரலால் சுட்டிக்காட்டி வாங்கினேன். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியைப் பேசும் ஊரில் விரலால் சுட்டிக்காட்டி வாங்கவேண்டி வந்தது எனக்கு அழுகையாக இருந்தது. கொழும்பில் சிங்களத்தில் தடுமாறியபோது நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அது என் மொழி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

கணவர் காலையில் நிறுவனத்தின் வண்டியில் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். என்னுடைய விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. பகல் முழுக்க என்ன செய்வது? படிகளில் இறங்கும்போதே என் பேச்சை மாற்றிக்கொள்ளப் பழகினேன். கதைப்பதை விட்டுப் பேசக் கற்றேன். ஓம் போய் ஆமாம் வந்தது. வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றிவைத்துவிட்டு, கணவரோடு எங்கள் தமிழில் கதைப்பேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் ஒரு பெண் இஸ்திரி வண்டி வைத்திருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். வந்த புதிதில் கணவரின் சட்டைகளை எடுத்துக்கொண்டு போய், "இதுகளை மினுக்கித் தருவீங்களோ?" என்று கேட்டேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இன்னாது? மினுக்கறதா? யாரு மினுக்கிக்கினு கீறது?"

நான் பயந்துபோனேன். சட்டையைக் காட்டி, கையால் தேய்த்துக் காட்டினேன். அவளுக்கு விளங்கியதும் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் காவலாளியும் எழுந்து வந்துவிட்டார். எங்கள் ஊரில் துணி தேய்ப்பதற்கு அப்படித்தான் சொல்வோம் என்றேன். "எந்த ஊரு? சிலோனா? சர்தான், நா மலையாளத்துக்காரின்னு நெனச்சேன்" என்றாள். அன்றிலிருந்து என்னைத் தெருவில் கண்டால், "இன்னாமா, மினுக்கணுமா?" என்பாள். வேறு யாராவது என் பேச்சைக் கேட்டுச் சிரித்திருந்தால் நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். அவளுடைய சிரிப்பில் மட்டும் ஏனோ எனக்கு இடம் இருந்தது.

நான் அவளை 'அக்கா, நீங்கள்' என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். "என்னிய போய் நீங்க வாங்கன்னுகினு… எனக்குக் கூச்சமாகீதுமா" என்று சொல்வாள். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

அவளும் அந்தப் பகுதியில் குடியிருப்பவள் இல்லை. அடையாற்றின் கரையில் பிறந்து, அங்கேயே கலியாணமாகி வாழ்ந்தவள். ஆற்றோரத்து வீடுகளை அரசாங்கம் இடித்தபோது அவள் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். புருஷன் ஆட்டோ ஓட்டினான். அவள் தினமும் பஸ் பிடித்து இந்த மரத்தடிக்கு வருவாள்.

"மேல ஏழாவது மாடி. லிஃப்ட்டு ஒரு நா ஓடும், ஒரு நா ஓடாது. சன்னலாண்ட நின்னா தலய சுத்துது. பக்கத்து வூட்ல யாருன்னே தெரியாது, எங்கெங்கேந்தோ கொண்டாந்து போட்டுக்கிறாங்க. உனக்கு இது புது ஊரு, எனக்கு அது புது ஊரு" என்றாள் ஒருநாள், சட்டைக் காலரை நீவியபடி.

மத்தியானங்களில் அவள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது வருடம் நான் கர்ப்பமானேன். எத்தனையோ வைத்தியம் பார்த்தும் வராதது, எதுவும் பார்க்காமல் இருந்தபோது வந்தது. கணவர் அலுவலகத்திலிருந்து பாதியிலேயே வந்துவிட்டார். கூடத்துக்கும் குசினிக்குமாக நடந்தார். அம்மா தொலைபேசியில் அழுதார். பிரசவத்துக்குத் தானே வருவதாகச் சொல்லி, உடனே கடவுச்சீட்டு எடுக்க ஓடினார்.

இஸ்திரி அக்காவுக்கு நான் சொல்லவே இல்லை. "மொகம் மாறிக்கீது" என்று அவளே சொன்னாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் வரும்போது ஏதாவது வாங்கிவருவாள். ஒருநாள் கிளிமூக்கு மாங்காய், ஒருநாள் வேகவைத்த பனங்கிழங்கு. பனங்கிழங்கைப் பார்த்ததும் நான் ஊர் ஞாபகத்தில் அழுதுவிட, அவள் பதறிப்போய், "வேணான்னா வச்சிடுமா, அதுக்கு இன்னாத்துக்கு அயுவுற" என்றாள்.

ஏழாம் மாதம் வளையல் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எங்கள் வீடுகளில் அந்தப் பழக்கம் இல்லை என்றேன். "உங்கூர்ல இல்லன்னா இன்னா, கொயந்த எங்கூர்ல தான பொறக்கப்போவுது" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தி.நகர் நெரிசலுக்குள் புகுந்து, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் வாங்கிவந்தாள். அடுத்தநாள் மரத்தடியிலேயே வைத்து என் இரண்டு கைகளிலும் போட்டுவிட்டாள். எதிர்வீட்டுக் காவலாளி, கீரைக்காரம்மா, பள்ளிக்கூட வண்டிக்குக் காத்திருந்த இரண்டு தாய்மார் எல்லாரும் சந்தனம் பூசினார்கள். வண்டியில் தேய்க்கவேண்டிய துணி மலையாகக் கிடந்தது. அந்த ஊருக்கு வந்து முதல் தடவையாக, யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்காமல் ஒரு மணி நேரம் கழிந்தது.

வீட்டில் நடந்தால் வளையல் சத்தம் கேட்கும். பிள்ளைக்கு அது கேட்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் வேண்டுமென்றே கையை ஆட்டியாட்டி நடந்தேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள்தான். ஒருநாள் காலை தேத்தண்ணீர் குடித்து முடித்தபோது, வழக்கமாக உதைக்கிற நேரத்தில் அது உதைக்கவில்லை என்று தோன்றியது. இனிப்புச் சாப்பிட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் சரிந்து படுத்தேன். கணவரை எழுப்பி, "என்னப்பா, பிள்ளை அசையேல்லை" என்றேன். அவர் கையை வைத்துப் பார்த்தார். அந்தக் கை வயிற்றில் இருந்த விதத்திலேயே அவர் பயந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் திரையை என் பக்கமிருந்து திருப்பிவைத்தார். வெகுநேரம் தேடினார். பிறகு கருவியை எடுத்துவிட்டு என் கையைப் பிடித்தார். கொடி கழுத்தில் இறுகியிருந்தது, யாருடைய பிழையும் இல்லை, முன்னமே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மெல்லச் சொன்னார். நான் அதைக் கேட்டுக்கொண்டேயிருந்தேன். பிறகு, "எப்போது வெளியே எடுப்பீர்கள்? உயிர் வந்துவிடும்தானே?" என்று கேட்டேனாம். அது எனக்கு நினைவில்லை. கணவர் பிறகு சொன்னார்.

பிள்ளையைப் பெற்றுத்தான் ஆகவேண்டும் என்றார்கள். வலி வருவதற்கு மருந்து ஏற்றினார்கள். ஒரு தாதி சோப்புத் தண்ணீர் தடவி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்ற வராத இரண்டை உடைத்தாள். படியிறங்கும்போது மாற்றிக்கொள்கிற அந்தப் பேச்சு எனக்கு அன்றைக்கு வரவில்லை. "நோகுது, ஐயோ அம்மா, நோகுது" என்று கத்தினேன். அங்கே நின்ற இளம் டாக்டர் பெண் தாதியைப் பார்த்து, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். மூலையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு என் தலைமாட்டுக்கு வந்தாள்.

"நோவுதாம்மா? நோவட்டும், நோவட்டும். கத்திக்கோ. யார் இன்னா சொல்லப்போறாங்க" என்று நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஊரில் எனக்கு வலிப்பதை நான் சொல்கிற சொல்லிலேயே கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

பெண் பிள்ளை. அழாமல் பிறந்தாள். கணவர், "நீர் பாக்கவேண்டாம்" என்றார். நான் பார்க்கவேண்டும் என்றேன். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். சூடாக இருந்தாள். அது என்னுடைய சூடு என்று விளங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. தலை நிறைய ஈரமான முடி. காதுகள் அவருடைய காதுகள், மேல்மடல் கொஞ்சம் வெளியே வளைந்து. நான் அந்தக் காதைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். வாங்கிக்கொள்ள வந்தபோது கொடுத்துவிட்டேன். எப்படிக் கொடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. என் கணவருக்கு அந்த ஊரில் அலுவலகத்து ஆட்களைத் தவிர யாரையும் தெரியாது. அவர் இஸ்திரி அக்காவைத்தான் கூப்பிட்டிருக்கிறார். அவளும் புருஷனும் ஆட்டோவில் வந்தார்கள். இவ்வளவு சின்னப் பிள்ளையை எரிக்கமாட்டார்கள், புதைக்கத்தான் வேண்டும் என்று அவள் சொன்னாளாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு, மயிலாப்பூர் மயானத்துக்கு என் கணவரை அவள் புருஷன் கூட்டிப்போனான். ஆட்டோவின் பின்னிருக்கையில் என் கணவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனார். லஸ் முனையில் போக்குவரத்து நின்றபோது, பக்கத்து வண்டியில் இருந்த ஒரு பெண் துணிச்சுருளைப் பார்த்துச் சிரித்து, "பொண்ணா பையனா?" என்று கேட்டாளாம். "பொண்ணு" என்று சொன்னாராம். இதை அவர் எனக்குச் சொன்னது பல மாதங்களுக்குப் பிறகு.

அக்கா ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தாள். என் காலடியில் உட்கார்ந்து பாதங்களைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள்.

அம்மாவுக்கு விசா அந்த வாரம்தான் வந்தது. பிரசவத்துக்கென்று வறுத்து இடித்து வைத்திருந்த சரக்குத்தூளையும் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மல்லியும் மஞ்சளும் சேர்த்து அரைத்துக் கறி காய்ச்சிக் கொடுப்பார்கள். அம்மா வந்த அன்றே அடுப்பை மூட்டினார். எனக்கு எதற்கு இது என்றேன். "பிள்ளை இல்லாட்டிலும் பெத்த உடம்புதானே" என்றார், என் முகத்தைப் பாராமல். மார்பில் பால் கட்டிக்கொண்டது. அம்மா துணியை இறுக்கிக் கட்டிவிட்டார். இரவும் பகலும் சட்டை நனைந்துகொண்டே இருந்தது. பிள்ளை இல்லை என்று அந்தப் பாலுக்கு யாரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது.

திரும்பிப் போகும்போது அம்மா என்னையும் கூப்பிட்டார். "வா பிள்ளை, வீட்டை போவம். கொஞ்ச நாள் இருந்திட்டு வா."

"அவளை இஞ்சை விட்டிட்டு எப்பிடியம்மா வாறது?" என்றேன்.

அம்மா பெட்டியை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. கணவரைக் கேட்டேன். "என்னால ஏலாது" என்றார். இன்னொரு தடவை கேட்டேன். எழுந்து குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அதன்பிறகு கேட்கவில்லை. அக்காதான் ஒருநாள் முற்பகலில் வண்டியைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு வந்தாள். பெண்கள் அங்கே போகக்கூடாதே என்று நான் தயங்கினேன். "பெத்தவ போகாம யாரு போவாங்க, வா" என்றாள்.

நான் நினைத்திருந்ததுபோல் அது பயங்கரமான இடமாக இல்லை. மரங்கள் இருந்தன. யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். ஒரு ஆடு சமாதிமேல் ஏறி நின்று இலை தின்றது. சுற்றுச்சுவருக்கு அப்பால் பஸ்கள் போகிற சத்தம் கேட்டது. வெட்டியான் வயதான மனிதர், இருமிக்கொண்டே எழுந்து வந்தார். பிள்ளை என்றும், எந்த மாதம் புதைத்தது என்றும் சொன்னோம். "கொயந்தைங்கல்லாம் அந்தாண்டதான்" என்று ஒரு மூலை முழுவதையும் கையால் வளைத்துக் காட்டினார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தாண்ட இந்தாண்டன்னு கைய ஆட்டாத. ஆட்டோவுல வந்தாங்களே, எங்கூட்டுக்காரு கூட வந்தாரே, கண்ணாடி போட்டுக்கினு ஒருத்தரு. எந்த எடம்னு சரியா காட்டு. பெத்தவ வந்து நின்னுக்கினு கீறா."

அவர் கொஞ்சநேரம் தரையைப் பார்த்தார். பிறகு நடந்துபோய்ப் புல் முளைத்திருந்த ஓரிடத்தில் நின்று, காலால் மெல்லத் தட்டிக் காட்டினார். "தோ, இங்கதாம்மா."

அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். கொண்டுபோன பாலை ஊற்றினேன். பூவை வைத்தேன். ஏதாவது ஒரு இடம் எனக்கு வேண்டியிருந்தது. பிறகு அடிக்கடி போனேன். மயிலாப்பூர்க் கோயில் குளத்துப் பக்கம் பூ வாங்கிக்கொண்டு தனியாகவே போவேன். மகளோடு எங்கள் தமிழில் கதைப்பேன். என்ன சமைத்தேன், அம்மம்மா என்ன சொன்னா, கீழ்வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, எல்லாம் சொல்வேன். வெட்டியான் என்னைக் கண்டால் தலையசைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் நிறுவனம் மறுபடியும் கொழும்புக்கு வரச் சொன்னது. அங்கே நிலைமை தேறியிருந்தது, சென்னை ஒப்பந்தம் முடிந்திருந்தது. வேலை இல்லாவிட்டால் விசா இல்லை. நாங்கள் யோசித்து முடிவெடுக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. கணவர் சொல்லி முடித்ததும் நான் பால்கனிக்குப் போய் நின்றேன். வந்த புதிதில் ஒவ்வொரு நாளும் இந்த ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று அழுதவள், இப்போது போகமாட்டேன் என்று அழுதேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கணவர் தானாகவே, "நானும் வாறன்" என்றார். நாங்கள் இருவரும் போனோம். உள்ளே நுழைந்ததும் நான் வழக்கமான இடத்தில் நின்றேன். அவர் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போனார். சுவரோரத்தில் ஒரு முருங்கை மரம் நின்றது. அதன் அடியில் போய் நின்று, மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. பிறகு திரும்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தார். என் காலடியில் முந்தின தடவை வைத்த பூக்கள் காய்ந்து கிடந்தன.

அவர் மெல்ல நடந்து என்னிடம் வந்தார். செருப்பைக் கழற்றினார்.

"இஞ்சைதானே?" என்று கேட்டேன்.

"ஓம், இஞ்சைதான்" என்றார்.

இருவரும் சேர்ந்து பால் ஊற்றினோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனதும், நான் மீதிப் பூவை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனேன். அங்கே எனக்குக் கதைக்க ஒன்றும் வரவில்லை. இத்தனை மாதமும் நான் சொன்னதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்குமா என்று மட்டும் நினைத்தேன். தூரம் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. கேட்டிருக்கும்.

இஸ்திரி அக்காவின் வண்டி அப்போது எங்கள் தெருவில் இல்லை. மெட்ரோ வேலைக்காகச் சாலையில் தகரம் அடித்து, வண்டிகளைத் தெருவுக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். மரத்தடியில் நிற்க இடமில்லாமல் போயிற்று. வேறு தெருவில் கொஞ்சநாள் போட்டுப் பார்த்தாள். துணி வரவில்லை. பிறகு பெரும்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடி வீடுகளில் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நாங்கள் போவது தெரிந்து, ஒருநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். பாத்திரங்களைப் பழைய தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். மிக்சியையும் போர்வைகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, மயிலாப்பூர்ப் பக்கம் வந்தால் ஒருக்கால் அவளைப் பார்ப்பீங்களோ?" என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "உங்கிட்ட பொய் சொல்லமாட்டேன்மா. அங்கேந்து பஸ்ஸு புடிச்சி இவ்ளோ தூரம் இனிமே எப்போ வருவேன்னு எனக்கே தெரியாது. வந்தா போறேன். வரலன்னா அத்த நெனச்சி நீ மனசு ஒடஞ்சிக்கினு இருக்காத."

பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் சேலையில் எப்போதும் இருக்கும் சூடான துணியின் மணம் அன்றைக்கு இல்லை.

கொழும்பில் இப்போது மறுபடியும் கணக்குப் படிப்பிக்கிறேன். வந்த புதிதில் வகுப்பில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "டீச்சர் இந்தியாவோ?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். நான் என்னை அறியாமல் 'கதைக்காதேங்கோ' என்பதற்குப் பதிலாக 'பேசாதீங்க' என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவும் தொலைபேசியில், "உன்ர கதை மாறிப்போச்சு" என்கிறார். மெல்ல மெல்லப் பழைய பேச்சு வந்துவிட்டது. வேறு பிள்ளை எங்களுக்கு இல்லை. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் கணவர் பேச்சை மாற்றிவிடுவார். நான் சில நாள் இல்லை என்பேன். மனம் வந்த நாளில், ஒரு மகள், சென்னையில் இருக்கிறாள் என்பேன். கேட்டவர்கள், படிக்கிறாளா என்று கேட்பார்கள்.

அக்காவின் எண் கொஞ்சகாலம் வேலை செய்தது. இருவரும் மாறி மாறி, சாப்பிட்டாச்சா, மழையா என்று கேட்டுக்கொள்வோம். பிறகு வேறு யாரோ எடுத்தார்கள்.

போன மாதம் எங்கள் மாடியில் இருக்கும், நாங்கள் அன்ரி என்று கூப்பிடும் பெண்மணி ஒருவர், மகளின் கலியாணத்துக்குச் சேலை எடுக்கச் சென்னைக்குப் புறப்பட்டார். நாங்கள் அங்கே இருந்தவர்கள் என்பதால் எந்தக் கடை, எங்கே தங்குவது என்று கேட்க வந்திருந்தார். எல்லாம் சொன்னேன். எழுந்து போகும்போது, "உனக்கு அங்கையிருந்து என்ன வாங்கியர?" என்று கேட்டார்.

"மயிலாப்பூர்ப் பக்கம் போவீங்களோ, அன்ரி?"

"கோயிலுக்குப் போவம். ஏன் பிள்ளை, என்ன வேணும்?"

கணவர் பத்திரிகையை இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை" என்றேன். "வெயில் கடுமையாய் இருக்கும். குடையொண்டு கொண்டு போங்கோ."